வாழைதான், போ

அரிவாளைப் பாத்து பயந்துக்காதீங்க தம்பி. உங்களை ஒண்ணும் வெட்ட வரலை. லாரி முன்னால கட்டியிருக்கீங்களே வாழை, அதைத்தான் வெட்டணும். இக்கட்டால ஒரு போடு, அக்கட்டால ஒரு போடு. அவ்வளவுதான், நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்.

சித்தெ எறங்கி வாங்களேன். நீங்க அங்க உக்காந்து பேசினா நான் அண்ணாந்து பாக்கணும், அது எனக்கு ஆகாதுங்க. கழுத்துவலி. வருசக்கணக்கா டி.வி. பொட்டியைப் பாத்தே வேலை செஞ்சதுல கழுத்து போச்சு. டாக்டர் படம் புடிச்சுப் பாத்துட்டு எலும்புல ஒண்ணுமே இல்லைங்கறாரு. அவருக்கென்னுங்க, வலி எனக்கல்ல வலிக்குது?

வந்துட்டீங்களா, நல்லது. மேல யாரும் இல்லையே? லோடு மேல? இல்லை, சும்மா கேட்டேன். பஞ்சு பேல்தானே, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருப்பீங்க. ஆளு யாரும் ஏறலையே? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. வழியில யாராச்சும் ஏறியிருந்தா உங்களுக்கே தெரியாம இருக்கும், அதுக்குத்தான்.

நேத்து ஆயுத பூஜை ஜோராப் போட்டிருக்கீங்க போல. சந்தனம் இன்னும் உதிரலை. டயர்ல பூசணிக்கா சிவப்பு அப்படியே இருக்கு. வாழையும் நல்ல பூவன் கன்னு, அடியைப் பாத்தாலே தெரியுது, கேபினைத் தாண்டி எழும்பி நிக்குமாட்ட இருக்கு. பூஜை வாழையை வெட்டினா முதலாளி வைவாருங்கறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. காலையில ஒரு வண்டிக்காரன் ஜாக்கி லிவரைத் தூக்கிட்டு அடிக்கவே வந்துட்டான். டீக்கடைக்காரன் எனக்கு 'வாழைவெட்டி'ன்னே பேரு வெச்சுட்டான். என் பேரு நாச்சிமுத்து. அது இங்க யாருக்கும் ஞாபகம் இல்லை.

மலையேறி வந்த வண்டி, இஞ்சின் கொதிக்குது. அது ஆறட்டும். அதுக்குள்ள நான் சொல்லிப்போடறேன். கேட்டுப்போட்டு, வேண்டாம் நாச்சிமுத்து, நான் வாழையோடயே போறேன்னு சொன்னீங்கன்னா போங்க. கையைப் புடிச்சு நிறுத்தவா போறேன்?

அங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சளும் கறுப்புமா கம்பம் இருக்குது பாருங்க. இந்தக் கம்பத்துல இருந்து அந்தக் கம்பத்துக்கு ஒரு வெளிச்சம் ஓடிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு அக்கட்டால மலையைக் குடைஞ்சு டனல் போட்டிருக்குதில்ல, அதோட வாய் எவ்வளவு ஒசரமோ, அதைவிடக் கொஞ்சம் கம்மியான ஒசரத்துல ஓடும். அந்த ஒசரத்துக்கு மேல எது வந்து வெளிச்சத்தை மறைச்சாலும் சைரன் கத்தும், சிவப்பு லைட்டு எரியும், 'நில்'னு போர்டுல எழுத்து ஓடும். வண்டிக்காரன் நிறுத்தணும். ஒரு ஆளு போயி அளந்து பாப்பான். ஒசரம்னா வண்டியைத் திருப்பிப் பழைய ரோட்டுல அனுப்புவாங்க, மலையைச் சுத்திட்டுப் போகணும். இல்லைன்னா உள்ள விடுவாங்க.

கம்பத்துக்குப் பக்கத்துல தெரியுதே, அந்தச் சின்ன ரூம்புலதான் அப்ப நான் உக்காந்திருப்பேன். எதுக்கால பொட்டி. அதுல வண்டியோட முன்பக்கம் தெரியும். கையில மைக்கு. நான் பேசினா ரோடு பூரா கேக்கும். கான்ட்ராக்ட் கம்பெனி வேலைதான், ஆனா அந்த மைக்குக்கு ஒரு மரியாதை இருந்துச்சுங்க. எத்தனை பெரிய வண்டியா இருந்தாலும், எப்பேர்ப்பட்ட டிரைவரா இருந்தாலும், நான் நில்லுன்னா நிப்பான், போன்னா போவான். எங்க வீட்டுல எம்பேச்சை யாரு கேட்டா? இங்க கேட்டாங்க.

ஒண்ணு சொல்றேன், அந்த மெசினுல ஒரு தப்பும் இல்லை. இதை மனசுல வெச்சுக்கங்க. என்கிட்டயும் தப்பு இல்லை. விசாரணையிலயே சொல்லிட்டாங்க, எச்சரிக்கைக் கருவி ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு. சைரன் ஊதுச்சுங்க. நல்லாவே ஊதுச்சு.

வாழையினாலதான் எல்லாமே வந்துது.

டனல் தொறந்த மொத வருசம் ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் பாத்தீங்கன்னா, சைரன் வாயை மூடலை. என்னடா இது, நாட்டுல இருக்கற லாரியெல்லாம் ஒரே நாள்ல வளந்துருச்சான்னு பாத்தா, எல்லாம் வாழை. மெசினுக்கு இலையும் ஒண்ணுதான், இரும்பும் ஒண்ணுதான். வெள்ளைக்காரன் ஊர்ல செஞ்ச மெசினுங்க, அவனுக்கு ஆயுத பூஜையைப் பத்தி என்ன தெரியும்? ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, அளந்து, விட்டா, பின்னால அடிவாரம் வரைக்கும் வண்டி நிக்குது. பஸ்ஸுல வந்த சனமெல்லாம் எறங்கி வந்து என்னை வைய்யறாங்க. மேனேஜர் போன் பண்ணி, "ஏன்யா, வாழை எலைக்கெல்லாம் வண்டியை நிறுத்துவியா? கண்ணு இருக்குதில்ல, பொட்டியைப் பாரு, வாழைன்னா அனுப்பு"ன்னாரு.

அன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். சைரன் கத்தும், பொட்டியைப் பாப்பேன், மைக்கை எடுத்து "வாழைதான், போ"ம்பேன். "வாழைதான், போ." "வாழைதான், போ." நாள் பூரா இதேதான். டிரைவர்களுக்கு ஒரே சிரிப்பு. கையை வெளிய நீட்டி எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவாங்க. அப்புறமா பழகிப்போச்சு. சிலபேரு நிறுத்தறதே இல்லை, சைரன் கத்தக் கத்த ஒரு ஆரனை அடிச்சுட்டு நேரா உள்ள போயிருவாங்க. அந்த வாழையும் லேசுல போகாதில்ல, தீவாளி வரைக்கும் காஞ்சு தொங்கிட்டே இருக்கும்.

எனக்கு அதுல ஒரு கெத்துங்க, பொய் சொல்லக் கூடாது. மெசினுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுது பாருங்க. ஒரு பார்வை போதும், இலையா இரும்பான்னு சொல்லிப்போடுவேன். ஒருக்காக்கூடத் தப்பினதில்லை. மேனேஜர் என் முதுகைத் தட்டி, "நாச்சிமுத்து இருக்கற வரைக்கும் எனக்கு மெசினே வேண்டாம்"னாரு. பின்னால அவரேதான் விசாரணையில, நான் அப்படியெல்லாம் அனுப்பச் சொல்லவே இல்லைன்னாரு. அது கெடக்கட்டும்.

மூணாவது வருசம் அந்த டிரெய்லர் வந்துது.

சக்கரை ஆலைக்குப் போற பாய்லருங்க. பெரிய உருளை. டனலுக்குள்ள போற ஒசரம்தான், முன்னாடியே அளந்து, பர்மிட் வாங்கி, எல்லாம் சரியாத்தான் இருந்துது. பாய்லருக்கு மேல ஒரு ஆளு. உங்களுக்குத் தெரியுமே, பெரிய லோடு வந்தா மேல ஒருத்தன் உக்காந்து வருவான், கையில கவைக்கோல் வெச்சுட்டு. ஊருக்குள்ள கரண்டுக் கம்பி தாழ்வா வந்தா கோலால தூக்கி விடுவான், வண்டி அடியில போகும். இவன் பேரு அத்தியப்பன். டிரைவரு மாதேசன். ரெண்டு பேரும் பல வருசமா ஒண்ணா ஓடினவங்க.

அவங்களுக்குள்ள ஒரு பேச்சு. வண்டி டனலுக்குள்ள போகும், அத்தியப்பன் மேல உக்காந்தா போக மாட்டான். அதனால கம்பத்துக்கிட்ட வந்ததும் சைரன் கத்துமில்ல, வண்டி நிக்குமில்ல, அப்ப இவன் ஏணியில எறங்கி கேபினுக்கு வந்துருவான். டனல் தாண்டினதும் மறுபடியும் ஏறிக்குவான். அடிவாரத்துலயே எறங்கியிருக்கலாமே, ஏன் எறங்கலைன்னு கேட்டீங்கன்னா, நடுவுல ஒரு ஊரு இருக்கு, கம்பியெல்லாம் கைக்கு எட்டற மாதிரி தொங்கும். அங்க ஆளு மேல இருந்தே ஆகணும். முன்னாடி எத்தனையோ தடவை இதே மாதிரி வந்திருக்காங்க. சைரன் கத்தும், நிறுத்துவாங்க, எறங்குவான், போவாங்க. நானே பாத்திருக்கேன்.

ஆனா அதெல்லாம் வேற மாசத்துலங்க. அன்னைக்கு விஜயதசமி.

டிரெய்லருக்கும் வாழை கட்டியிருந்தாங்க. வண்டி பெருசுன்னா வாழையும் பெருசாத்தானே கட்டுவாங்க. தாரோட கட்டியிருந்தான் மாதேசன். பொழுது சாயற நேரம், சூரியன் நேரா கேமரா மேல அடிக்குது. வண்டி கம்பத்துக்கு வந்துது. சைரன் கத்துச்சு. மாதேசன் நிறுத்தினான். பொட்டியைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் இலை ஆடிட்டு இருக்கு. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான், கரும்பு லாரிக்காரன் அடிக்கறான், ஒரு கல்யாண வேன்காரன் எறங்கியே வந்துட்டான். நான் மைக்கை எடுத்தேன்.

"வாழைதான், போ."

மாதேசன் உடனே எடுக்கலை. சித்தெ நின்னான். எனக்குக் கடுப்பு. "யோவ் டிரெய்லரு, உன்னைத்தான், வாழைதான், போய்யா"ன்னேன். எடுத்தான். மெதுவா நகந்துது. வாழை கம்பத்தைத் தாண்டிருச்சு, சைரனும் நின்னுபோச்சு. அப்புறம் மறுபடியும் கத்துச்சு. மறுபடியும் மைக்குல சொன்னேன், "வாழைதான், நிக்காத, போ"ன்னு. அவ்வளவுதானுங்க நடந்தது.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? வாழை முன்னாலதானே கட்டியிருந்துது, அது தாண்டினதுக்கு அப்புறம் சைரன் எதுக்குக் கத்துச்சுன்னு கேக்கறீங்களா? நீங்களும் அந்த ஆபீசர் மாதிரியே கேக்கறீங்களே. காத்துல இலை பின்னால வளைஞ்சிருக்கும். வளையாதா? நீங்க வண்டி ஓட்டறவருதானே, வேகத்துல இலை பின்னால மடங்காதா? மெதுவாப் போனா மடங்காதுங்கறீங்க. இருக்கட்டும். மலைமேல காத்து எப்பவுமே அடிக்கும்.

பாய்லருல ஒரு கீறல் விழலை. டனல் வாய்ல சுண்ணாம்புகூட உதிரலை. அக்கட்டால போயி மாதேசன் வண்டியை ஓரங்கட்டிட்டு, "அத்தி, ஏறிக்கோ"ன்னு கூப்பிட்டிருக்கான். கேபின்ல வந்து ஏறலைன்னதும், எறங்கிப் பின்னால வேற வண்டியில வர்றான்னு நெனச்சிருந்தானாம். மேல ஏறிப் பாத்தா கவைக்கோல் மட்டும் கட்டின கயித்துல தொங்கிட்டு இருந்திருக்கு.

ஆளு டனலோட இந்த வாய்லயே கெடந்தான்.

போதும், அதைப் பத்திப் பேச வேண்டாம். மொத வாழையை வெட்டிக்கட்டுங்களா? இந்தப் பக்கத்துது மட்டும். நீங்க சரின்னா. சொல்லுங்க. சரிங்களா? ஆங், அவ்வளவுதான். பாருங்க, எவ்வளவு சுளுவா சாஞ்சுது. இலையைக் கவுத்துப் போட்டுக்கறேன். ஏன்னா, கிழிஞ்ச இலை மல்லாக்கக் கெடந்தா பாக்க நல்லாருக்காது. வாழை இலை காத்துல கிழிஞ்சா எப்படி இருக்கும், நீங்களே பாத்திருப்பீங்க. அஞ்சு விரலை விரிச்ச மாதிரி இருக்கும்.

அதைத்தானுங்க விசாரணையிலயும் சொன்னேன். அன்னைக்குக் கேமராவுல பதிவானதைப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டினாங்க. சூரிய வெளிச்சத்துல எல்லாமே வெள்ளையாத் தெரியுது. பாய்லருக்கு மேல, இலைக்குப் பின்னால, ஏதோ ஒண்ணு ஆடுது. இப்படி, இப்படி. ஆபீசரு கேட்டாரு, "இது என்னப்பா?"

"இலைங்க"ன்னேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீதான் நேர்ல பாத்தவன். பொட்டியில உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இலைதானுங்க. கிழிஞ்ச இலை. அஞ்சு விரல் மாதிரி இருக்கும்"னேன்.

அவரு அதை இன்னொருக்கா ஓட்டிப் பாத்தாரு. அப்புறம் இலைன்னே எழுதிக்கிட்டாரு. இலைன்னா இலைதானே? எனக்குத் தெரியாதா? ஒருக்காக்கூடத் தப்பாத கண்ணுங்க இது.

அப்ப அத்தியப்பன் ஏன் எறங்கலைன்னு கேள்வி வந்துது. சைரன் ஊதியிருக்கு, வண்டி நின்னிருக்கு, அவன் எறங்கலை. கை காட்டலை, கூப்பிடலை. அப்ப என்ன அர்த்தம்? தூங்கிட்டான். மாதேசனும் அதைத்தான் சொன்னான், முழிச்சிருந்தா கோலால கேபினைத் தட்டியிருப்பானேன்னு. சைரன், ஆரன், என் மைக்கு, இத்தனை சத்தத்துல தட்டினா மட்டும் கேட்டுருமான்னு யாரும் கேக்கலை. தூக்கம்னு முடிவாச்சு. ஊருக்குள்ள போறதுக்குள்ள அது குடின்னு ஆயிருச்சு. பூஜை நாள்ல, குடிச்சுப்போட்டு லோடு மேல தூங்கிச் செத்தவன்னு சொன்னா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. நம்ம வீட்டு ஆளு அப்படி இல்லை, அதனால நம்ம வீட்டுக்கு வராதுன்னு நெனச்சுக்கலாமில்ல.

அவன் குடிக்கலைங்க. தூங்கவும் இல்லை. வண்டி நின்னதும் தனக்குத்தான் நிறுத்தறாங்கன்னு எந்திரிச்சிருப்பான், எந்திரிச்சாத்தானே ஏணிக்கு வர முடியும். அதுக்குள்ள வண்டி...

இல்லை, எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன கூட இருந்தனா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அவன் சம்சாரம் ஒருக்கா இங்க வந்துதுங்க. பாவாத்தான்னு பேரு. காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாளு கழிச்சு, பட்டப்பகல்ல, பஸ்ஸுல எறங்கி ஒத்தையா நடந்து வந்துது. அழுகை, கூப்பாடு ஒண்ணும் இல்லை. அழுதிருந்தா நல்லாருந்திருக்கும். கதவுக்கு வெளிய நின்னு, "அண்ணா, சைரன் அடிக்கறவரு நீங்களுங்களா?"ன்னு கேட்டுது.

"அது தானா அடிக்கும் அம்மிணி. நான் பாத்துக்கறவன்"னேன்.

"எம்மகளை இப்பத்தான் கட்டிக்குடுத்தோமுங்க. அங்க மாமியா, குடிகாரன் மகளேன்னுதான் கூப்பிடறாளாம். அவருக்கு அந்த வாசமே ஆகாதுங்க அண்ணா. மருந்துக்குக்கூடத் தொட்டதில்லை. அவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு, சைரன் கத்தினா எறங்கிக்குவேன் பாவா, நீ பயப்படாதேன்னு. நீங்க பொட்டியில பாத்தீங்களாமே. அவரு முழிச்சிருந்தாருங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுட்டு ஒரு பொம்பளை எதுக்கால நின்னா என்னுங்க செய்யறது? "எனக்கு இலைதான் தெரிஞ்சுது அம்மிணி"ன்னேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்?

அது தலையை ஆட்டிக்கிட்டுது. போயிரும்னு பாத்தேன். போகலை. "அண்ணா, அந்தச் சைரனை ஒருக்கா அடிச்சுக் காட்டறீங்களா? அவரு கடைசியாக் கேட்ட சத்தம் எப்படின்னு எனக்குக் கேக்கணும்"னுது.

அடிக்கக் கூடாதுங்க, ரூல்ஸ் இல்லை. ஆனா அடிச்சேன். சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தினேன். வெளிய கம்பத்தடிக்குப் போயி நின்னுட்டு இருந்துது பாவாத்தா. சைரன் கத்தின கத்துல அதோட ஒடம்பே தூக்கிப் போட்டுச்சு. முந்தானை எடுத்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுது. மரத்துல இருந்த காக்காயெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது. நான் நிறுத்தினேன். அது காதுல இருந்து கையை எடுத்துட்டு என்கிட்ட வந்துது. மொகத்துல ஒரு தெளிச்சி.

"அண்ணா, இத்தனை சத்தத்துல ஒரு மனுசன் எப்படிங்க தூங்குவான்?"

நான் பொட்டியைப் பாத்தேன், ஒரு பஸ்ஸு போயிட்டு இருந்துது.

"குடிச்சிருந்தாலும் எந்திரிச்சிருவானில்லீங்க? செத்தவனே எந்திரிச்சிருவான். நீங்களே சொல்லுங்க. வந்து எங்க சம்பந்தி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணா. ஆபீசருகிட்ட சொல்ல வேண்டாம், கோர்ட்டுல சொல்ல வேண்டாம். எம்மக மாமியாகிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க"ன்னுது.

"வேலை இருக்குது அம்மிணி. லீவு கெடைச்சா வாறேன்"னேன். ஊரு பேரு, தெரு, கோயிலுக்கு எக்கட்டால வீடு, எல்லாம் வெவரமாச் சொல்லிட்டு, கும்பிட்டுட்டு, பஸ்ஸேறிப் போச்சு. என்னைப் போயிக் கும்பிட்டுதுங்க.

லீவு கெடைக்கலைங்க. அப்புறம் நானே வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லலை, கழுத்துவலியினால நானாத்தான் நின்னுக்கிட்டேன். வேலையை விட்டதுக்கு அப்புறம் எப்ப வேணா போயிருக்கலாமேங்கறீங்க. நீங்க ரொம்பக் கேள்வி கேக்கறீங்க தம்பி. போலாம்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன். போயி என்னன்னு சொல்றது? நான் பாத்தது இலை. இலையைப் பாத்தேன்னு சொல்றதுக்கு ஒருத்தன் பஸ்ஸேறிப் போவானா?

எனக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன். சம்சாரம்தான் சும்மா பயப்படுது. வீட்டுல குக்கர் விசில் வந்தா நான் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, "வாழைதான், போ"ங்கறேனாம். இப்ப குக்கரையே பரண்ல போட்டுட்டா, குண்டாவுலதான் சோறு வடிக்கறா. அக்கா மக கல்யாணத்துக்குப் போனேன். வாசல்ல ரெண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தாங்க. கட்டாம இருப்பாங்களா? எனக்கு அண்ணாந்து பாக்க முடியாதில்ல, அதனால சமையக்காரங்க போற வழியில உள்ள போனேன். பந்தியில இலை போட்டாங்க. நான் தட்டு கேட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. கழுத்துவலிக்கும் இலைக்கும் என்ன சம்பந்தம்னு மச்சான் கேக்கறான். அவனுக்கு லொள்ளு சாஸ்தி.

இப்ப அந்த ரூம்புல ஆளே கெடையாதுங்க. பூட்டிப் போட்டுட்டாங்க. எல்லாம் தானா நடக்குதாம். சைரன் தானா கத்துது, தானா நிக்குது, போன்னு சொல்ல ஆளு இல்லை. ஆனா டிரைவருங்க பழைய பழக்கத்துலயே போறாங்க. ஆயுத பூஜை வந்தா யாரும் நிறுத்தறதில்லை. "வாழைதான்"னு அவங்களே சொல்லிக்கறாங்க, கேட்டிருக்கேன், என் கொரல்லயே சொல்லிக் காட்டிச் சிரிக்கறாங்க. அதனாலதான் வருசா வருசம் பூஜைக்கு மறுநாள் இங்க வந்து நிக்கறேன். இலை இல்லாத வண்டிக்குச் சைரன் கத்தினா, அது இலைக்கு இல்லைன்னு தெரிஞ்சு போயிருமில்ல? நின்னு பாப்பாங்கல்ல? அவ்வளவுதானுங்க என் கணக்கு. எனக்காக நிக்கலை. எனக்கு என்ன?

கேட்டுட்டீங்க. இஞ்சினும் ஆறிருச்சு. இன்னொரு வாழையையும் வெட்டிக்கட்டுங்களா?

நீங்க நல்லவரு. உங்க முதலாளிகிட்ட, ஒரு பைத்தியக்காரன் வெட்டிப்போட்டான்னு சொல்லிருங்க. தள்ளி நில்லுங்க, மேல சாஞ்சுறப் போகுது. ஆங். வந்துருச்சு. இதையும் கவுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. மாலையை அப்படியே விட்டுட்டேன், அது தாழ்வாத்தான் இருக்குது. நீங்க போலாம்.

இருங்க.

ஒரு நிமிசம் இருங்க, ஏறாதீங்க. கீழ ரோட்டைப் பாருங்க. உங்க லாரியோட நெழலு விழுந்து கெடக்குதில்ல, பொழுது சாயுது, நீளமா விழுந்திருக்கு. இது கேபினு. இது லோடு. லோடுக்கு மேல, அந்த ஓரத்துல, ஒண்ணு ஆடுது பாருங்க.

ரெண்டு வாழையும் வெட்டியாச்சே. இதோ கீழ கெடக்குது, நான்தானே கவுத்துப் போட்டேன். பின்ன அது என்னுங்க?

தார்ப்பாயா? முனை அவுந்துட்டு ஆடுதா? இருக்கும், இருக்கும். தார்ப்பாயாத்தான் இருக்கும். ஆனா நீங்க பாக்காமயே சொல்றீங்க தம்பி. நானும் அன்னைக்கு அப்படித்தான்... இல்லை, நான் பாத்துட்டுத்தான் சொன்னேன். பாத்துட்டேதான் சொன்னேன்.

ஏறிப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு அண்ணாந்து பாக்க முடியாதுங்க, கழுத்து. ஏணியில ஏறி, மேல வரைக்கும் போயி, கையை வெச்சுத் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. யாராச்சும் இருந்தா மெதுவா எறக்கி விடுங்க, அவசரமே இல்லை, பின்னால எத்தனை வண்டி வேணா ஆரன் அடிக்கட்டும். நான் நிறுத்திக்கறேன். நான் சொன்னா நிப்பாங்க.

யாரும் இல்லைன்னா, இல்லைன்னு சொல்ல வேண்டாம். இலைன்னு சொல்லுங்க. பாவாத்தா ஊருக்கு இங்கிருந்து கடைசி பஸ்ஸு இன்னும் போகலை, கைன்னு சொன்னீங்கன்னா நான் அதுல ஏறிப் போயாகணும். நீங்க மேல இருந்து இலைன்னு சொன்னீங்கன்னா, நான் வீட்டுக்குப் போயிருவேன்.